பத்தாவதுக்கு அப்புறம் ஐடி வேலை: கோபாவா, டிப்ளமோவா, ஆறு மாச கோர்ஸா?

வேலந்தாவளம்_வாசி கேட்டது:

வணக்கமுங்க. பையன் பத்தாவது முடிச்சிருக்கான். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தமிழ் மீடியம், மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போவேன்னு நிக்கிறான். ஆளாளுக்கு ஒரு வழி சொல்றாங்க. ஐடிஐயில கோபா 1 வருஷம்ங்கறாங்க. பாலிடெக்னிக்ல டிப்ளமோ 3 வருஷம்ங்கறாங்க. பொள்ளாச்சியிலயும் கோயமுத்தூர்லயும் "ஹார்டுவேர் நெட்வொர்க்கிங், 6 மாசம், வேலை உறுதி"ன்னு போர்டு போட்டிருக்காங்க. எது எதுல கொண்டுபோய் விடும்? இந்தப் பக்கம் பாலக்காட்டுல சேர்க்கறதா, அந்தப் பக்கம் கோயமுத்தூர்ல சேர்க்கறதா? காலேஜைப் போய்ப் பார்க்கும்போது என்ன கேட்கோணும், எதைப் பார்க்கோணும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாளையார்_கணவாய்:

மூணும் ஒரே சந்தையில விக்கற ஒரே சரக்கு இல்லைங்க, அதை முதல்ல பிரிச்சுக்கணும்.

கோபான்னா கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட். தேசிய டிரேடு சான்றிதழ் (என்டிசி), 1 வருஷம். ஆபீஸ் மென்பொருள், கணக்கு மென்பொருள், கொஞ்சம் வெப் பக்கம், கொஞ்சம் டேட்டாபேஸ், அடிப்படை நெட்வொர்க் எல்லாம் இருக்கும். ஆஸ்பத்திரி பில்லிங், மில் ஆபீஸ், அக்ஷயா (கேரள இ-சேவை) மையம் மாதிரி இடங்களுக்கு நேரடியா உதவும். ஆனா சேர்ற அன்னிக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துல நேரடியா நுழைய ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) விதி கேட்கறது பத்தாவதோட 2 வருஷ ஐடிஐ, இல்லேன்னா +2. கோபா 1 வருஷம்தான். அதனால "முதல்ல கோபா, அப்புறம் டிப்ளமோ ரெண்டாம் வருஷம்"னு கணக்குப் போட்டா அது நடக்காது, முதல் வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஐடிஐ வழியாத்தான் போகணும்னா ஐசிடிஎஸ்எம்னு ஒரு டிரேடு இருக்கு. தகவல் தொடர்புக் கருவிகள் பராமரிப்பு, 2 வருஷம். சால்டரிங், பவர் சப்ளை, போர்டு, சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் கையால செய்ய வைக்கிற படிப்பு. மலம்புழை, கோயமுத்தூர் அரசு ஐடிஐகள்ல இந்த வருஷம் எந்தெந்த டிரேடுக்கு இடம் இருக்குன்னு நேர்ல கேட்டுக்குங்க.

டிப்ளமோ 3 வருஷம், 6 செமஸ்டர். பத்தாவது போதும். முடிச்சு 45 சதவீதம் இருந்தா (ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 40) இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷத்துல லேட்டரல் என்ட்ரி கிடைக்கும். பின்னால மேல படிக்கக் கதவு திறந்தே இருக்கற வழி இதுதான். கேரளப் பாலிடெக்னிக்குகள்ல கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் ஹார்டுவேர் இன்ஜினியரிங்னு ரெண்டு தனிப் பிரிவு உண்டு. பையனுக்குப் புரோகிராம் எழுதப் பிடிக்குமா, கழட்டி மாட்டப் பிடிக்குமான்னு பார்த்து எதுன்னு எழுதுங்க.

எந்தப் பக்கம்ங்கறது பெரும்பாலும் காகிதம் தீர்மானிக்கற விஷயம். கேரள வருவாய்த்துறை கொடுத்த சாதிச் சான்றை வச்சுத் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுல இடம் கேட்க முடியாது. பையன் படிச்சதெல்லாம் கேரளப் பள்ளின்னா கொடும்புல இருக்கற பாலக்காடு அரசு பாலிடெக்னிக்கை முதல்ல பாருங்க. படிப்பு எந்த மாநிலத்துல முடிஞ்சாலும், வேலைக்கு வாளையார் எல்லையைத் தாண்டறதை ஒரு சான்றிதழும் தடுக்காது. கஞ்சிக்கோட்டுக் கம்பெனியும் சரி, கோயமுத்தூர் விளாங்குறிச்சி ரோட்டு டைடல் பார்க்கும் சரி, ஆள் எடுக்கறப்போ கை என்ன செய்யும்னுதான் பார்க்கறாங்க.

காலேஜ் பார்க்கப் போறது ரொம்ப முக்கியம். அட்மிஷன் நாள்ல போகாதீங்க, பிராக்டிகல் நடக்கற சாதாரண நாள் மத்தியானம் போங்க. லேப்ல ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பேர், ஓடற மெஷின் எத்தனைன்னு எண்ணுங்க. ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர்னா ஒருத்தன் தட்டச்சு செய்வான், இன்னொருத்தன் 3 வருஷமும் வேடிக்கை பார்ப்பான். ஓஎஸ் போட மாணவனுக்கு அனுமதி உண்டா, இல்லை எல்லா மெஷினும் பூட்டி வச்சிருக்கான்னு கேளுங்க. மேனேஜ்டு ஸ்விட்ச் (பல மெஷின்களை இணைக்கற, அமைப்பை நாமே மாத்தக்கூடிய பெட்டி) ரேக்ல இருந்தா, அதோட கன்சோல் கேபிள் எங்கேன்னு கேளுங்க. வெளிர்நீல நிறத்துல தட்டையா இருக்கும். பாலிதீன் உறை பிரிக்காம அலமாரியில இருந்து எடுத்தாங்கன்னா அந்த ஸ்விட்ச்சை யாரும் தொட்டதில்லை. குப்பைத் தொட்டியையும் ஒரு பார்வை பாருங்க. வெட்டிப்போட்ட ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் முனையில வர்ற) கனெக்டரும் வயர்த் துண்டும் கிடந்தா நல்ல லேப். கனெக்டரை வீணாக்காம யாருக்கும் கிரிம்பிங் (கேபிள் முனையில கனெக்டரை அழுத்திப் பொருத்தற வேலை) வராது.

ரெக்கார்டு நோட்டையும் வாங்கிப் புரட்டுங்க. பத்துப் பேர் நோட்டுல ஒரே அவுட்புட், எழுத்துப்பிழை வரைக்கும் ஒண்ணுபோல இருந்தா, பிராக்டிகல் நடக்கலை, காப்பிதான் நடந்திருக்கு.

செப்புக்கம்பி:

மேல சொன்ன குப்பைத் தொட்டிக்கு ஒரு கூடுதல். நெட்வொர்க்கிங் பக்கம் போறவனுக்கு முதல் மாசமே வர வேண்டிய வேலை கிரிம்பிங். எளிசுன்னு நினைச்சு அரைமணி நேரத்துல முடிச்சு விட்டுடறாங்க. பின்னாடி வர்ற தலைவலியில பாதி அங்கேதான் ஆரம்பிக்குது.

வெளியுறையை 3 செ.மீ. உரிச்சு, உள்ளே வயர்ல கீறல் விழலையேன்னு பாருங்க. டி568பிங்கற நிற வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. விரலால நீவி நேராக்கி, முறுக்குப் பிரிஞ்ச நீளம் 13 மி.மீ. தாண்டாம ஒரே வெட்டா வெட்டணும். கனெக்டரோட கிளிப் கீழ்ப்பக்கம், வயர் உங்க பக்கம் இருந்தா இடது ஓரம் 1ஆவது பின். எட்டு முனையும் கனெக்டர் மூக்கைத் தொட்டு நிக்கறது முன்னாடி இருந்து பார்த்தா புள்ளி புள்ளியாத் தெரியும். வெளியுறை கனெக்டருக்குள்ள வந்து, உள்ளே இருக்கற ஆப்பு அதை அழுத்திப் பிடிக்கணும். வயரை மட்டும் பிடிச்சிருந்தா நாலு தடவை இழுத்ததும் கழண்டு வந்துடும்.

இங்கே எல்லாரும் மாட்டிக்கற இடம் 3, 6. பச்சை ஜோடி 3லயும் 6லயும் பிரிஞ்சு உக்காரணும், நடுவுல நீல ஜோடி. "அழகா இருக்கட்டும்"னு ஜோடி ஜோடியா 1-2, 3-4, 5-6, 7-8ன்னு ரெண்டு முனையிலும் ஒரே மாதிரி போட்டுட்டா, 300 ரூபாய் டெஸ்டர்ல எட்டு விளக்கும் வரிசையா எரியும், பாஸ்னு காட்டும். ஆனா 3ம் 6ம் வேற வேற முறுக்குல போகுது. ஒண்ணோட சிக்னல் இன்னொண்ணுல கசியும். பிங் (இன்னொரு மெஷின் பதில் சொல்லுதான்னு பார்க்கற சோதனை) போகும், பெரிய ஃபைல் காப்பி பண்ணினா திணறும், ஸ்விட்ச்ல சிஆர்சி பிழை (வழியில கெட்டுப்போன தரவு) எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும். இதுக்குப் பேர் ஸ்ப்ளிட் பேர். டெஸ்டரை நம்பாம கண்ணால நிறத்தைப் பார்க்கப் பழகணும்.

ஜிகாபிட் போர்ட்டு வேகம் 100 எம்பிபிஎஸ்னு காட்டினா ஸ்விட்ச்சை மாத்தாதீங்க. 100க்கு ரெண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேணும். நீலத்திலோ பழுப்பிலோ ஒண்ணு அறுந்திருக்கும். முனையை வெட்டி மறுபடி அடிங்க.

வயர் வாங்கும்போது பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையா வந்தா அது அலுமினியத்து மேல செப்புப் பூச்சு. ரெண்டு மடிப்புல ஒடியும், அதே கேபிள்ல கரண்டும் போற கேமராவுக்குத் தூரத்துல வோல்ட்டேஜ் பத்தாது. ராத்திரி கேமராவோட இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது மட்டும் ரீபூட் ஆகுதுன்னு புகார் வந்தா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். நல்ல செப்பா இருந்தாலும் மொத்த நீளம் 100 மீட்டர். சுவருக்குள்ள 90, ரெண்டு பக்கப் பேட்ச் கார்டும் சேர்த்து 10.

நம்ம பக்கத்து மில்லுகளுக்குன்னே ஒண்ணு. ஆபீஸ்ல இருந்து எடைமேடை ரூமுக்கு வெட்டவெளியில செப்புக் கேபிள் இழுத்திருப்பாங்க. ஐப்பசி மழையில இடி இறங்கினா ரெண்டு முனையிலும் போர்ட்டு கருகும். நேரா கேபிள் மேல விழணும்னு இல்லை. பக்கத்துல விழுந்தாலே கம்பியில மின்னழுத்தம் தூண்டப்படும். ரெண்டு கட்டடத்து எர்த்தும் வேற வேற அழுத்தத்துல இருக்கறதால கேபிள் வழியா சமன் பண்ணப் பார்க்கும். கட்டடம் விட்டுக் கட்டடம்னா ஃபைபர், ரெண்டு முனைக்கும் ஒரு ஜோடி மீடியா கன்வர்ட்டர் (ஒளியையும் மின் சிக்னலையும் மாத்தற பெட்டி). வேற பேச்சே இல்லை.

ஃபைபர் கத்துக்கிட்டா உள்ளூர்லயே வேலை இருக்கு. கேஃபோன் (கேரள அரசோட ஃபைபர் இணையத் திட்டம்) 2023 ஜூன்ல தொடங்கின பிறகு கேரளத்துல கேபிள் போகாத தெரு குறைவு. ஸ்ப்ளைசிங்ல (ரெண்டு ஃபைபரை ஒட்டறதுல) ஒரு இணைப்புக்கு இழப்பு 0.1 டெசிபலுக்குள்ள நிக்கணும். வீட்டுக் கருவிக்கு வர்ற ஒளியோட வலு –8 டிபிஎம்முக்கும் –27 டிபிஎம்முக்கும் நடுவுல இருக்கணும், –25ஐத் தாண்டினாலே மழைக்காலத்துல துண்டிக்கும்னு எடுத்துக்குங்க. பச்சைக் கனெக்டரை நீலத்தோட சொருகினா முனை கோணம் பொருந்தாது, ஒளி அங்கேயே வீணாகும். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பார்க்கவே கூடாது. 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணைக் கெடுக்கும். பையன்கிட்ட இதை முதல் நாளே சொல்லிடுங்க.

சங்கிலி_சோதனை:

கேபிளுக்கு அடுத்து, டெஸ்க்டாப் சப்போர்ட் நேர்காணல்ல திரும்பத் திரும்பக் கேட்கற ஒரே கேள்வி: "நெட் வரலைன்னு ஒருத்தர் கூப்பிடறார், என்ன செய்வே?" ரீஸ்டார்ட்னு ஆரம்பிச்சா அங்கேயே முடிஞ்சது. கீழே இருந்து மேலே ஏறணும்.

போர்ட்டு விளக்கு எரியுதா. ஐபி என்ன வந்திருக்கு. 169.254ன்னு ஆரம்பிச்சா டிஎச்சிபி (தானா முகவரி கொடுக்கற சேவை) கிடைக்கலை, மெஷின் தானா ஒரு முகவரி போட்டுக்கிச்சு. ஐபி சரின்னா கேட்வேயை (வெளி நெட்டுக்குப் போற வாசல் கருவியை) பிங் பண்ணு. அது வந்தா 8.8.8.8 (வெளி நெட்டுல இருக்கற கூகுள் முகவரி). அதுவும் வந்து, பேரைப் போட்டா மட்டும் வரலைன்னா டிஎன்எஸ் (தளப் பேரை முகவரியா மாத்தற சேவை). ஒவ்வொரு படியும் ஒரு சந்தேகத்தை விலக்குது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரிஞ்சவனை எடுத்துக்குவாங்க.

அடிக்கடி வர்ற விசித்திரம் ஒண்ணு: ஆபீஸ்ல பாதிப் பேருக்கு நெட் வருது, பாதிப் பேருக்கு வரலை, யாருக்கு வரலைங்கறது தினம் மாறுது. யாரோ வைஃபை வேணும்னு வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அதோட லேன் போர்ட்டுல ஆபீஸ் கேபிளைச் சொருகியிருப்பாங்க. இப்போ ரெண்டு டிஎச்சிபி, எது முந்துதோ அது முகவரி கொடுக்கும். வராத மெஷின்ல கேட்வே முகவரியைப் பாருங்க, வேறயா இருக்கும். ஸ்விட்ச்ல அந்த ரவுட்டரோட மேக் முகவரி (கருவிக்கே உரிய எண்) எந்தப் போர்ட்டுல வருதுன்னு தேடினா ஆளைப் பிடிச்சிடலாம்.

சப்நெட்டிங்கை (நெட்வொர்க் முகவரிகளைக் கூறு போடறதை) பரீட்சைக் கணக்கா மட்டும் படிக்க விடாதீங்க. 60 கேமராவுக்கு /26ங்கற அளவுல கூறு போட்டா 62 முகவரி. கேட்வேக்கு 1, ரெக்கார்டருக்கு 1 போனா சரியா 60. 61ஆவது கேமரா வர்ற அன்னிக்கு எல்லாத்தையும் மாத்தணும். /25 போட்டா 126. இந்த மாதிரிக் கணக்குதான் வேலையில வரும்.

ஆனைமலை_அடிவாரம்:

+2ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துட்டு அப்புறம் டிப்ளமோ ரெண்டாம் வருஷமோ, பிசிஏவோ, இன்ஜினியரிங்கோ போகலாமே. 15 வயசுல முடிவை இறுக்கிக் கட்ட வேண்டாம். கணக்குல நல்லா வர்ற பையன்னா இதை யோசிங்க. கணக்குன்னா ஓடற பையன், கை வேலையில துறுதுறுன்னு இருப்பான்னா டிப்ளமோ சரி.

நாலாவது_நிரல்:

மென்பொருள் பக்கம் யாரும் சொல்லலை, நான் சொல்றேன். டிப்ளமோவுல சி, ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ், வெப் எல்லாம் வரும். ஆறு மொழியை மேயறதைவிட ஒரு மொழியும் எஸ்க்யூஎல்லும் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேட்கற மொழி) ஆழமா வந்தா போதும். எஸ்க்யூஎல்தான் பரீட்சைக்கும் வேலைக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கற இடம்.

ஒரு உதாரணம். மாணவர் பட்டியல், கட்டணப் பட்டியல். ஜூன் மாசம் கட்டாதவங்களையும் சேர்த்து எல்லாரும் வரணும்னு லெஃப்ட் ஜாயின் (முதல் பட்டியல் முழுசா வர்ற மாதிரி ரெண்டையும் இணைக்கறது) போடறோம். மாசம் = ஜூன்ங்கற நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில எழுதினா, கட்டாதவங்க வரிசையில மாசம் வெறுமையா இருக்கறதால அவங்க அத்தனை பேரும் காணாமப் போயிடுவாங்க. லெஃப்ட் ஜாயின் போட்டும் இன்னர் ஜாயின் (ரெண்டு பட்டியல்லயும் இருக்கறது மட்டும் வர்றது) பலன்தான். நிபந்தனை ஆன் (ON) பகுதிக்குப் போகணும். பிழைச்செய்தி எதுவும் வராது, தப்பான பட்டியல்தான் வரும். அதனாலதான் இது ஆபத்து.

அப்டேட் எழுதறதுக்கு முன்னாடி அதே வேர் நிபந்தனையோட செலக்ட் போட்டு எத்தனை வரிசைன்னு பார்க்கற பழக்கம் விரல்ல ஏறணும். மைஎஸ்க்யூஎல்ல ஆட்டோகமிட் (மாற்றம் உடனே நிரந்தரமாகறது) இயல்பா இயங்கிக்கிட்டிருக்கும். டிரான்சாக்ஷன் ஆரம்பிக்காம வேர் இல்லாத ஒரு அப்டேட்டை ஓட்டினா ரோல்பேக் பண்ணித் திரும்ப வராது.

இனி எல்லைப் பக்கத்துக்கே உரிய விஷயம். இதைத் தெரிஞ்சு வச்சிருக்கற பையனுக்கு இங்கே தனி மதிப்பு. நம்ம ஊர் டேட்டாவுல தமிழும் மலையாளமும் கலந்தே வரும். "கொழிஞ்சாம்பாறை"ன்னு எழுதினா கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கற தரம்) 14 குறி. அதைச் சேமிக்கற முறையான யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 42 பைட். ஆரக்கிள்ல வர்கேர்2 40ன்னு போட்டா அது இயல்பாக எண்ணறது பைட்டை, ஊர்ப்பேரே உள்ளே போகாது. மைஎஸ்க்யூஎல் எண்ணறது குறியை, அங்கே 40 தாராளம். பழைய லத்தீன் எழுத்துத்தொகுப்புல டேபிள் இருந்தா பிழை காட்டி நிக்கும், இல்லேன்னா எல்லாம் கேள்விக்குறியா சேமிக்கப்படும், அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. ஆரம்பத்துலயே யூடிஎஃப்8எம்பி4 தொகுப்பைப் போட்டுடணும்.

அதே ஊர்ப்பேர்ல முதல் எழுத்து "கொ". அதுல 'க'வுக்கு அடுத்த உயிர்க்குறி ஒற்றைக் குறியாவும் வரலாம், முன்கொம்பு, பின்கால்னு ரெண்டு குறியாவும் வரலாம். திரையில ஒண்ணுபோல இருக்கும், தேடினா பொருந்தாது. சேமிக்கும்போதே என்எஃப்சி நார்மலைசேஷன் (ஒரே எழுத்தோட பல வடிவத்தை ஒரே வடிவமாக்கறது) பண்ணிட்டா தமிழுக்குத் தீர்ந்தது. மலையாளத்துக்கு அது போதாது. சில்லெழுத்துகளுக்கு (உயிர் ஒலி சேராத மலையாள மெய்யெழுத்துகளுக்கு) தனிக் குறி வந்தது 2008ல, யூனிகோடு 5.1ல. அதுக்கு முன்னாடி மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்னு மூணு குறியா எழுதினாங்க. ரெண்டையும் என்எஃப்சி ஒண்ணாக்காது. பழசைப் புதுசா மாத்தற ஒரு சின்ன நிரலை நாமதான் எழுதணும். ரெண்டாம் வருஷ மாணவனுக்கு அருமையான மினி புராஜெக்ட் இது. விலைக்கு வாங்கற "லைப்ரரி மேனேஜ்மென்ட்"டைவிட நூறு மடங்கு மேல். நேர்காணல்ல எந்த வரியைக் காட்டி "இது எதுக்கு"ன்னு கேட்டாலும் அவனால பதில் சொல்ல முடியும்.

கிட்டுல (Git, நிரலோட ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கற மென்பொருள்) புராஜெக்டைப் போடும்போது டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ளே போயிடாமப் பார்க்கணும். போயிட்டா, அடுத்த கமிட்ல அழிச்சாலும் வரலாற்றுல இருக்கும். பாஸ்வேர்டை மாத்தறதுதான் வழி.

வேலந்தாவளம்_வாசி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டிப்ளமோன்னு ஏறக்குறைய முடிவு பண்ணிட்டோம். இன்னும் ரெண்டு சந்தேகம். லேப்டாப் என்ன வாங்கோணும்? ஆறு மாச கோர்ஸ் முழுக்க வீணுங்களா?

வாளையார்_கணவாய்:

முழுக்க வீண்னு சொல்ல மாட்டேன். டிப்ளமோவுக்குப் பதிலா எடுத்தா வீண், டிப்ளமோவோட விடுமுறையில எடுத்தா சிலது உதவும். "வேலை உறுதி"ங்கறதை எழுத்துல கேளுங்க: எந்த வேலை, எந்த ஊர், கிடைக்கலைன்னா பணம் திரும்புமா. சான்றிதழ் யார் பேர்ல வரும்னு கேளுங்க. அவங்களே அச்சடிச்சதுன்னா அதோட மதிப்பு அவங்க வாசலோட சரி. அதே பணத்தைச் சேர்த்து வச்சு மூணாம் வருஷம் சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க் சான்றிதழ்) எழுத வைக்கலாம். 200-301ன்னு ஒரே பரீட்சை, 120 நிமிஷம், 3 வருஷம் செல்லும். அதுக்குப் பயிற்சி செய்யற பாக்கெட் டிரேசர் இலவசம், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில பதிஞ்சா போதும்.

லேப்டாப் இப்பவே வேண்டாம். முதல் வருஷம் பெரும்பாலும் கணக்கு, இயற்பியல், ஆங்கிலம், வரைபடம்னே போகும். ரெண்டாம் வருஷம் வாங்குங்க. 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி. கை கடிச்சா 8 ஜிபி வாங்கலாம், ஆனா இன்னொரு ராம் போட ஸ்லாட் காலியா இருக்கற மாடலாப் பாருங்க, சிலதுல போர்டோட ஒட்டியே வரும். விலை அதிகமான கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அதுல வெர்ச்சுவல்பாக்ஸ் (மெஷினுக்குள்ள மெஷின் ஓட்டற மென்பொருள்) போட்டு, ஆளுக்கு 1 ஜிபி கொடுத்து, டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் ரெண்டு ஓட்டினா வீட்டுலயே ஒரு சின்ன சர்வர் ரூம் தயார். ஆரம்பத்துல ரெண்டு இடத்துல முழிப்பான். 32 பிட் மட்டும் காட்டி 64 பிட் வரலைன்னா பயாஸ்ல வெர்ச்சுவலைசேஷன் அணைஞ்சிருக்கு. ரெண்டு லினக்ஸும் நெட்டுக்குப் போகுது, ஆனா ஒண்ணையொண்ணு பார்க்கலைன்னா நெட்வொர்க் அமைப்பை "நாட்"ல (NAT) விட்டிருக்கான், "நாட் நெட்வொர்க்"க்கு மாத்தணும்.

இன்னொண்ணு. டிப்ளமோ முடிச்ச உடனே நாட்ஸ் (தேசிய அப்ரென்டிஸ் பயிற்சி) திட்டத்துல 1 வருஷ அப்ரென்டிஸ் போகலாம். உதவித்தொகையில ஒரு பங்கை மத்திய அரசு தர்றதால கம்பெனிகளும் எடுக்கத் தயங்கறதில்லை. வேலை அனுபவம் கேட்கற இடத்துல அந்த 1 வருஷம் பேசும். பதியும்போது ஆதார்லயும் எஸ்எஸ்எல்சி புத்தகத்துலயும் பேர் ஒண்ணுபோல இருக்கணும். நம்ம பக்கம் இனிஷியல் ஒண்ணுல முன்னாடி, ஒண்ணுல பின்னாடி, ஒண்ணுல விரிச்சு எழுதியிருக்கும். அதை இப்பவே சரி பண்ணிடுங்க, கடைசி செமஸ்டர்ல அலையறதுக்கு நேரம் இருக்காது.

செப்புக்கம்பி:

காலேஜ் பார்க்கப் போகும்போது பையனையும் கூட்டிட்டுப் போங்க. லேப்ல இருக்கற ரெண்டாம் வருஷப் பசங்ககிட்ட அவனே பேசட்டும். "கடைசியா எந்த வாரம் கிரிம்ப் பண்ணினீங்க, எத்தனை கனெக்டர் வீணாச்சு"ன்னு கேட்கச் சொல்லுங்க.